அலவியா தொலைத்த பச்சை

சூடான் நாட்டு உம்துர்மானில் கறுப்பர் என்று யாரும் கிடையாது. சந்தேகம் இருந்தால் தெருவில் இறங்கிக் கேட்டுப் பார்க்கலாம். இவள் மஞ்சள், அவள் சிவப்பு, அதோ போகிறவள் கோதுமை, எதிர்வீட்டுக்காரர் நீலம் என்று பதில் வரும். இருட்டில் நின்றால் பல் மட்டும் தெரிகிற ஆளும் நீலம்தான். கறுப்பு என்ற சொல்லை அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குப் பிடிக்காதவர்களைச் சொல்வதற்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அலவியா பச்சை. நன்றாக வறுத்த காபிக்கொட்டையின் நிறத்துக்கு அங்கே அதுதான் பெயர். கல்யாண வீட்டுப் பாட்டுகளில் பச்சைப் பெண்ணைப் புகழாத பாட்டு குறைவு. ஆனால் பச்சையைப் பாடிவிட்டு மஞ்சளைப் பெண் கேட்கப் போகிறவர்கள்தான் அந்த ஊரில் அதிகம் என்பது அலவியாவின் கணிப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள், முப்பத்தாறு வயதாவதற்குள் எத்தனையோ மஞ்சள் பெண்களுக்குக் கல்யாண உடுப்பு தைத்துக் கொடுத்துவிட்டாள். ஒரு தையலும் கோணியதில்லை. கோணியிருந்தால் அவளே பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். வாங்கிக்கொள்ள வந்தவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

பெற்றோர் போன பிறகு வீட்டில் அவளும் தங்கை துமாதிரும்தான். மாமா உஸ்மான் அடுத்த வீடு. அலவியா தைத்த பள்ளிச் சீருடைகள்தான் துமாதிரைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய் மருந்தாளர் ஆக்கின. கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு அவள் நிற்பதைப் பார்ப்பதற்காகவே அலவியா தேவையில்லாமல் தலைவலி மாத்திரை வாங்கப் போவாள். யாராவது "உன் தங்கச்சி துமாதிர்" என்று ஆரம்பித்தால், "டாக்டர் துமாதிர்" என்று திருத்துவாள். மருந்தாளரையும் அந்த ஊரில் டாக்டர் என்றுதான் அழைப்பார்கள். ரொட்டிக் கடைக்காரர் ஒருமுறை துமாதிர் என்று மட்டும் சொன்னதற்காக அன்று ரொட்டி வாங்காமலேயே திரும்பினாள். இரண்டு பேரும் வெறும் கஞ்சி குடித்தார்கள்.

அப்பேர்ப்பட்ட டாக்டரை வீட்டில் வைத்துக்கொண்டு அலவியா செய்த காரியம்தான் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. நெய்யாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை.

தெருவில் ஒரு கிழவர் இறந்துபோனார். துக்க வீட்டுக்குத் தெற்கே கோஸ்தி ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் டீ ஊற்றிக் கொடுத்தவள் அலவியா. வந்தவர்களில் ஹாஜ்ஜா பத்தூல் என்ற பெரிய மனுஷி ஒருவர், கொதிக்கிற கெண்டியைத் தானே தூக்கப் போனார். அலவியா ஓடிப்போய் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டு ராவியா, உடம்பைச் சுற்றித் தலைவரை போர்த்தும் தௌப் துணி தோளிலிருந்து நழுவுவதுகூடத் தெரியாமல் ஓடிவந்தாள்.

"அடியே அலவியா! கதவத் தொற! கோஸ்திக்காரங்க உன்னக் கேட்டாங்கடி!"

"என்ன கேட்டாங்க? கெண்டியா காணாமப் போச்சு?"

"உன் நாக்குல முள்ளு மொளைக்க. ஹாஜ்ஜா பத்தூலோட தம்பி தையிப், சர்க்கரை ஆலைல லாரி ஓட்டுறாரு. பொண்டாட்டி தவறிப் போச்சு, கொழந்த குட்டி இல்ல. டீ ஊத்துன அந்தப் பச்சைப் பொண்ணு யாரு வீட்டுப் புள்ளைன்னு ஹாஜ்ஜா கேட்டாங்க. பெருநாள் முடிஞ்சதும் பாக்க வர்றாங்களாம்."

"பச்சைன்னா சொன்னாங்க?"

"பின்ன ஊதான்னா சொல்லுவாங்க?"

ராவியா போன பிறகும் அலவியாவின் காதில் அந்த ஒரு சொல்தான் நின்றது. துணி எடுக்க வருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். "ஓரத்துல கறை இருக்கே, அந்தத் துணிதானே?" என்று அடையாளம் கேட்பதுபோலக் கேட்பார்கள், உண்மையில் விலையைக் குறைக்க அடிபோடுவார்கள். ஹாஜ்ஜாவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்று முடிவுகட்டினாள். கறையைப் பார்த்த பிறகும் வருகிறேன் என்கிறார்கள். அவர்கள் வரும்போது கறையே இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும்? இப்படித்தான் அவள் மூளை வேலை செய்தது. இந்த மூளையை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் தங்கள் பட்டுத் துணியை வெட்டக் கொடுத்திருந்தார்கள்.

சந்தையில் பெண்கள் சாமான் விற்கும் சந்தில் இக்லாஸ் கடை இருந்தது. இக்லாஸ் என்றால் கள்ளமற்ற மனம் என்று பொருள். கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு, பெஞ்சின்மேல் பெயரில்லாத டப்பாக்கள். தோலை வெளுக்க வைக்கும் குழம்பை அங்கே 'கலவை' என்றுதான் சொல்வார்கள். எதையெதைக் கலந்தது என்று யாரும் கேட்பதில்லை.

"எந்த வண்டில போகப் போற?" என்றாள் இக்லாஸ்.

"நான் எங்கயும் போகல. முகத்துக்கு..."

"அதத்தான் கண்ணு கேக்குறேன். கழுதை வண்டி இருக்கு, ரக்‌ஷா இருக்கு, விமானம் இருக்கு. கழுதைன்னா மூணு மாசம். ரக்‌ஷான்னா ஒண்ணரை. உனக்கு எப்பக் கல்யாணம்?"

"கல்யாணம்னு யாரு சொன்னா?"

"சும்மாவா ஒருத்தி இந்த வெயில்ல வருவா? விமானத்துல ஏறிக்க."

அலவியா டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். எதிலும் சரிபார்க்காமல் கை வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாதே. "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"உன்கிட்ட துணி தைக்கக் குடுத்தா, எந்த ஊசி போடுறேன்னு நான் கேட்டேனா?"

அது நியாயமாகத்தான் பட்டது. தன் தொழிலை உவமையாகச் சொன்னால் அலவியா எதையும் நம்பிவிடுவாள். விமானத்தில் ஏறினாள்.

டப்பாவைப் பொத்தான் டின்னுக்குள் ஒளித்து வைத்தாள். தங்கை மருந்துக்கடைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, மடிப்புத் தையலுக்குச் சாக்கட்டியால் கோடு போடுவதுபோல நெற்றியிலிருந்து ஆரம்பித்து ஒரு இடம் விடாமல் பூசினாள். காது மடலுக்குப் பின்னால் மட்டும் விட்டுவிட்டாள். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்ற சிக்கனம். கைகளுக்கும் பூசினாள்.

வேலை செய்ததா என்றால், செய்தது. அதை மறைக்கக் கூடாது. அலவியாவின் அலமாரியில் நூல்கண்டுகள் நிறவாரியாக அடுக்கியிருக்கும். முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்று காபி நிற நூல்கண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது கன்னம் எது கண்டு எது என்று தெரியவில்லை. சீக்கிரமே இலவங்கப்பட்டை நிறக் கண்டுக்கு வந்தாள். பிறகு வெல்லம். பெருநாள் பிறை தெரிந்தபோது பால் ஊற்றிய டீ. ரொட்டிக் கடைக்காரர் மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். ராவியா அவள் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், உள்ள விளக்குப் போட்டு வெச்சிருக்கியா?" என்றாள். அலவியாவுக்குத் தலைகால் புரியவில்லை. அளவு கொடுக்க வந்த ஒரு காபி நிறப் பெண்ணிடம், "உங்களுக்கு வெளிர் நிறம் எடுக்காதும்மா" என்று சொல்லும் அளவுக்கு ஏறிவிட்டாள். ஒரு மாதத்துக்கு முன்னால் அதே வார்த்தையை அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் கத்திரிக்கோலை எடுத்திருப்பாள்.

கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. புறங்கை வெளுத்தது, விரல் முட்டிகள் நிறம் மாற மறுத்தன. விரலை மடக்கினால் டீக் கோப்பையில் பேரீச்சம்பழம் மிதக்கிற மாதிரி இருந்தது. முழங்கையும் அதே பிடிவாதம். அவள் இன்னும் அதிகமாகப் பூசினாள். கூடவே வேறு சில விஷயங்கள் ஆரம்பித்தன. அடுப்பு முன்னால் உட்கார முடியவில்லை; கன்னத்தில் மிளகாய் தடவின மாதிரி எரிந்தது. தாடையில் பூனைமயிர் போல ஏதோ முளைத்தது. நிறம் கேட்டுப் போனவளுக்கு இக்லாஸ் தாடியையும் இலவசமாகக் கொடுத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை துமாதிர் வீட்டில் இருந்தாள்.

"அக்கா, வாசலுக்கு வா. வெளிச்சத்துல நில்லு."

"அடுப்புல பால் இருக்கு."

"பொங்கட்டும். கன்னத்துல நரம்பு சிவப்பு சிவப்பாத் தெரியுது. என்ன பூசுற?"

"சோப்பு மாத்தினேன்."

"சோப்புப் போட்டா தாடி மொளைக்குமா?"

அலவியா தௌப்பின் தலைப்பை இழுத்துத் தாடையை மூடிக்கொண்டாள். துமாதிர் வீடு முழுக்கத் தேடவில்லை. நேராகப் போய்ப் பொத்தான் டின்னைத் திறந்தாள். சின்ன வயதில் அக்கா மிட்டாய் ஒளித்து வைத்த இடமும் அதுதான்.

"யாருகிட்ட வாங்கின?"

"இக்லாஸ். சந்தைல..."

"மருந்துக்கடைக்காரியோட அக்கா பேரில்லாத டப்பா வாங்கிப் பூசுறா! நான் வெக்கப்படுறதா, பயப்படுறதா? இதுல ஸ்டீராய்டு கண்டிப்பா இருக்கும். படை, சொறிக்கு டாக்டர் பாத்து, கொஞ்ச நாளைக்கு மட்டும் குடுக்கிறது. தோலக் காகிதமா ஆக்கிடும். ஹைட்ரோகுவினோனும் இருக்கலாம். அதையும் கண்டபடி பூசினா, கடைசில பூசின இடமே நீலமாக் கறுக்கும். ஆனா நான் பயப்படுறது பாதரசத்துக்கு. இந்த மாதிரி டப்பாவுல அதையும் போடுறாங்க. மோந்து பாத்தாத் தெரியாது."

"பாதரசம்னா காய்ச்சல் பாக்குற குழாய்ல இருக்குமே..."

"அதேதான். அது தோலோட நிக்காது. ரத்தத்துக்குப் போகும், அங்கேர்ந்து சிறுநீரகத்துக்கு."

அலவியா தோற்றுப்போகிற நேரத்தில் மட்டும் வருகிற வீம்போடு கேட்டாள்: "அப்படின்னா எனக்கு எப்படி வேலை செஞ்சது?"

"வேலை செய்யும் அக்கா. அதுதான் பிரச்சனையே. செய்யலேன்னா எல்லாரும் ரெண்டு நாள்ல தூக்கிப் போட்டிருப்பாங்களே."

அலவியா டப்பாவைக் குப்பையில் போட்டு, பூசுவதை நிறுத்திப் பார்த்தாள். இரண்டாம் நாளே முகம் வீங்கிச் சிவந்து, கண் பாதி மூடிக்கொண்டது. கோஸ்திக்காரர்கள் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தோல் டாக்டரிடம் போகலாம் வா என்று துமாதிர் கையைப் பிடித்து இழுத்தாள். "அவங்க வந்துட்டுப் போகட்டும், மறுநாளே வர்றேன்" என்று சொல்லிவிட்டு, குப்பையிலிருந்து டப்பாவைப் பொறுக்கி மறுபடி பூசினாள். வீக்கம் வடிந்தது. டாக்டர் தங்கையைவிட டப்பா சொல்வதைத்தான் முகம் கேட்டது.

ஹாஜ்ஜா பத்தூல் இரண்டு பெண்களோடு வந்தார். தையிப் மாமா உஸ்மானோடு அடுத்த வீட்டில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். ராவியா நடுவில் நின்று எல்லாருக்கும் விசிறிக்கொண்டிருந்தாள். அலவியா தலையில் தௌப்பை நன்றாக இழுத்துவிட்டு, கைகளையும் துணிக்குள் சுற்றிக்கொண்டு, சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோலப் பழரசத் தட்டைப் பிடித்தபடி உள்ளே போனாள். பழரசம் ஐஸ் போட்டது.

ஹாஜ்ஜா அவள் முகத்தைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ். நிலா மாதிரி இருக்கா. டாக்டருக்குப் படிச்ச சின்னவ இவதானா? நல்லா இரும்மா. பெரியவளக் கூப்பிடுங்க."

துமாதிர் சுவர் ஓரத்தில் நின்று தரையைப் பார்த்தாள்.

"இவதான் ஹாஜ்ஜா பெரியவ" என்றாள் ராவியா.

"எவ?"

"இவதான். அலவியா."

ஹாஜ்ஜாவின் முகம் மாறியது. பழரசக் குவளையைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். "ராவியா, எனக்கு முட்டி வலிதான் இருக்கு, கண்ணு நல்லாத் தெரியும். நான் பாத்தவ பச்சை. எங்கையிலேர்ந்து கெண்டிய வாங்கினவ. ஒருத்தியக் காட்டிட்டு இன்னொருத்தியக் கட்டிவெக்கிற வேலைய வேற ஊர்ல வெச்சுக்கங்க. மூத்தவளுக்கு ஏதும் குறையா? மறைச்சு வெச்சிருக்கீங்களா? பச்சைப் பொண்ணத்தான் நான் கேட்டேன். என் தம்பிக்குப் பச்சைதான் வேணும்."

அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அலவியாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. கறை என்று நினைத்தது கறை இல்லை. அதற்காகத்தான் அவர்கள் அத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். வெட்டக் கூடாத இடத்தில் கத்திரி வைத்தவளின் முகத்தோடு அவள் நின்றாள். ஹாஜ்ஜா ஒரு செருப்பைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாவது கிடைத்தால் கதை முடிந்தது.

"ஹாஜ்ஜா, நில்லுங்க!" தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுற்றியிருந்த துணியை உதறி இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கி ஹாஜ்ஜாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஹாஜ்ஜாவின் பின்னால் இருந்த பெண், அலவியா அடிக்கப் போகிறாள் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தாள். "நீங்க பாத்தவ இங்க இருக்கா. முட்டி முட்டியாப் பாருங்க. முழங்கைல இருக்கா. குதிகால்ல இருக்கா. இந்தாங்க, காதுக்குப் பின்னாடியும் இருக்கா!" காது மடலை மடக்கிக் காட்டினாள்.

ஹாஜ்ஜா குனிந்து, நகை வாங்குகிற மாதிரி விரல்களைப் புரட்டிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மூஞ்சில இருந்தவ எங்கடி போனா?"

"விமானத்துல அனுப்பிட்டேன்."

ராவியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோஸ்திப் பெண்களும் தௌப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். ஹாஜ்ஜா மட்டும் சிரிக்கவில்லை. செருப்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கையை அவர் இன்னும் விடவில்லை.

"என் தம்பி பொண்டாட்டி நுஹா. அவளும் பச்சைதான், உன்ன மாதிரி. கல்யாணத்துக்கு முன்னாடி பூச ஆரம்பிச்சா. அப்புறமும் விடல. விட்டா மூஞ்சி வீங்கிடுதுன்னு சொல்லுவா. ஒருநாள் கால் வீங்கிச்சு. அப்புறம் உடம்பெல்லாம். சிறுநீரகம் போயிடுச்சு. டாக்டர் டப்பாவக் கொண்டாங்கன்னார், கொண்டுபோனோம். உள்ள என்னன்னு கேட்டார். எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. அதாலதான் செத்தாளான்னு அவரும் அடிச்சுச் சொல்லல. ஆனா என் தம்பி மனசுல விழுந்துடுச்சு. பொண்ணு பாக்குறதா இருந்தா, பச்சை பச்சையாவே இருக்கிற பொண்ணாப் பாருன்னான்."

அறையில் விசிறி நின்றுபோயிருந்தது. ராவியா விசிற மறந்துவிட்டாள்.

"நான் இப்ப ஆமான்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல" என்று ஹாஜ்ஜா எழுந்தார். "பாத்தத அவன்கிட்ட சொல்லிடறேன். நீ முதல்ல உன் தங்கச்சி சொல்றதக் கேளு."

"டாக்டர் துமாதிர்" என்ற திருத்தம் அன்று அலவியாவின் வாயில் வரவில்லை.

மறுநாள் துமாதிர் அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிறுநீரில் புரதம் கசிகிறது என்றார்கள். டப்பாவை இனித் தொடவே கூடாது, சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். நின்றால் நல்லது, நிற்காவிட்டால் அப்புறம் யோசிக்கலாம் என்றார்கள். யோசிக்கலாம் என்ற சொல் அலவியாவுக்குப் பிடிக்கவில்லை. தையல்காரி துணியைக் கெடுத்துவிட்டால் வாடிக்கையாளரிடம் சொல்வது அதைத்தான்.

அந்த மாதங்களைப் பற்றி என்ன சொல்வது? தோல் டாக்டர் ஒரு லேசான மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார். அப்படியும் உம்துர்மானில் என்னென்ன நிறம் உண்டோ அத்தனையும் அவள் முகத்தில் ஒவ்வொன்றாகக் குடியேறிக் காலி செய்தன. சிவந்தது, உரிந்தது, மஞ்சளித்தது, தாடை ஓரம் நீலம் பாய்ந்தது. ராவியா காலையில் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன நிறம்டி?" என்று கேட்பாள். "பாதி பாதி. உனக்கு எது வேணும்னு சொல்லு, வெட்டித் தர்றேன்" என்பாள் அலவியா. அவளே சிரித்துக்கொண்டால் மற்றவர்கள் சிரிப்பது அவ்வளவாக வலிக்கவில்லை. சந்தையில் இக்லாஸ் கையைப் பிடித்து நிறுத்தி, "திரும்பி வர்றதுக்கும் டிக்கெட் இருக்கு கண்ணு" என்று வேறொரு டப்பாவை நீட்டினாள். அலவியாவின் கை அரை அங்குலம் நீண்டதும் உண்மை. அதற்குள் வெயில் பட்டுக் கன்னம் எரிந்தது, பிழைத்தாள்.

கல்யாண உடுப்புக்கு வந்த பெண்களிடம் தன் முகத்தைக் காட்டியே சொல்லிப் பார்த்தாள். சிலர் கேட்டார்கள். ஒருத்தி எல்லாவற்றையும் கண்ணீர் மல்கக் கேட்டுவிட்டு, "அக்கா, எனக்கு விமானம் வேணாம், பயமா இருக்கு. ரக்‌ஷா போதும். கடை எந்தச் சந்துல?" என்றாள்.

கோஸ்தியிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. இரவில் அலவியா கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பாள். குழி விழுந்தால் எவ்வளவு நேரத்தில் நிமிர்கிறது என்று பார்ப்பாள். துமாதிர் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பாள். இரண்டு பேரும் மறுநாள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

இரண்டாவது பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். முடிவை வாங்கிவர துமாதிர் போயிருந்த மதியம், வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். உயரமானவர். வெள்ளை ஜலாபியா அங்கியும் தலைப்பாகையும், கையில் மடித்த ஒரு கால்சட்டை.

"இங்க தைக்கிறவங்க..."

"நான்தான்." அலவியா தௌப்பைக் கண்வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

"இது நீளமா இருக்கு. குறைக்கணும்."

அவள் வாங்கி உதறி, அவர் உயரத்தைக் கண்ணால் ஒரு தடவை அளந்தாள். "சரியாத்தானே இருக்கு."

"அப்படியா?" அவர் யோசித்தார். "அப்ப நீளம் பத்தாதா?"

"எதுக்கு? இன்னும் வளரப்போறீங்களா?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் தையிப். கோஸ்தி. அக்கா பொறுத்திருன்னு சொன்னா. அவளுக்குத் தெரியாம வந்தேன்."

அலவியாவின் கையிலிருந்து அளவு நாடா நழுவியது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மட்டும்தான் இன்னும் முழுப் பச்சையாக இருந்தது. நல்லவேளை, இருக்கிற நல்ல சரக்கைப் பார்க்கிறார் என்று நினைத்து, அவள் ஒரு பாதத்தைக் கொஞ்சம் முன்னால்கூட வைத்தாள். அப்புறம்தான் தெரிந்தது. அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. செருப்பின் வார் சதையில் பதிந்திருக்கிறதா, கணுக்கால் எலும்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நுஹாவுக்கு அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

"உங்க சிறுநீரகம் எப்படி இருக்கு?" என்று கேட்டார் தையிப்.

முப்பத்தாறு வருஷமாக ஓர் ஆண் வந்து தன்னிடம் முதலில் என்ன பேசுவான் என்று அலவியா பலவிதமாகக் கற்பனை செய்திருக்கிறாள். கண்ணைப் பற்றி, நடையைப் பற்றி, குறைந்தபட்சம் தையலைப் பற்றி. இது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் முன்னால் வைத்த பாதத்தை அவள் பின்னால் இழுக்கவில்லை.

"தெரியாது. தங்கச்சி வாங்கிட்டு வரப் போயிருக்கா."

"நான் இருக்கலாமா?"

"உக்காருங்க."

அவர் வாசல் பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தார். அலவியா மெஷினில் உட்கார்ந்து, குறைக்கவோ கூட்டவோ தேவையில்லாத அந்தக் கால்சட்டையின் கீழ் மடிப்பைப் பிரித்தாள். பிரித்ததை மறுபடி அதே இடத்தில் தைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோணியது. தெருவில் ஒவ்வொரு ரக்‌ஷா சத்தத்துக்கும் இரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள். கழுதை ஒன்று கத்திக்கொண்டு போனது. அவர் ஒருமுறை, "தண்ணி நெறையக் குடிக்கிறீங்களா?" என்றார். "குடிக்கிறேன்" என்றாள்.

கடைசியில் ஒரு ரக்‌ஷா வாசலில் நிற்பதற்குள்ளேயே துமாதிர் குதித்து இறங்கினாள். "அக்கா! நின்னுடுச்சு! ஒரு சொட்டு கசிவு இல்ல! டாக்டர் ரெண்டு தடவ பாத்துட்டார்..." என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தவள், பெஞ்சில் இருந்த ஆளைப் பார்த்து வாயை மூடினாள்.

தையிப் தலைப்பாகையைக் கழற்றினார். அந்த நீளத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். தோள் மட்டும் ஏறி இறங்கியது. அக்காவும் தங்கையும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். துமாதிர் ஓசைப்படாமல் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் முகத்தைத் துடைத்து, தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப உங்க மாமாகிட்டப் பேசவா?"

அலவியா மெஷினிலிருந்து எழுந்தாள். இந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தரை ஏமாற்றிக் கல்யாணம் செய்துகொண்டதாக யாரும் சொல்லக் கூடாது. கோணிய தையலை மறைத்துத் துணி கொடுப்பது அவள் வழக்கமில்லை. தௌப்பை நெற்றியிலிருந்து பின்னால் தள்ளி, வெயில் விழுகிற இடத்தில் வந்து நின்றாள்.

"முதல்ல இதப் பாருங்க. இது இப்படியே நின்னுடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

தையிப் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அவசரப்படவில்லை. இரண்டு கன்னத்தையும் நெற்றியையும் தாடையையும் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"பொய் சொல்லவா?"

"வேணாம்."

"நாங்க ஓட்டுற லாரில ரோடு மேப் ஒட்டி வெச்சிருக்கும். அது மாதிரி இருக்கு."

துமாதிர் சட்டென்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அலவியா ஒரு நிமிஷம் விறைப்பாக நின்றாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "அதுல கோஸ்தி எங்க வருது?"

அவர் கையைத் தூக்கி, தொடாமல், காற்றிலேயே காட்டினார். "இங்க. இடது கன்னத்துல. வாய்க்குக் கொஞ்சம் பக்கத்துல."

துமாதிர் அதற்குமேல் நிற்கவில்லை. மாமாவைக் கூப்பிட அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.